இரண்டு பேரிங் சத்தம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நான் மூக்குக் கண்ணாடி, ரத்த அழுத்த மாத்திரை, உடைந்து ஒட்டிய கடைவாய்ப் பல் ஒன்று சகிதம் நலம். அங்கு நீங்களும், வீட்டாரும், மூன்று வாரமாக உங்கள் பொறுப்பில் இருக்கும் என் மனைவியும் நலம் என்றே நம்புகிறேன். உங்கள் தங்கை என்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை. சொல்லாமல் விட்டதும் உண்மை. இருந்தாலும் என் தரப்பையும் கேட்டுவிட்டு அவளைத் திருப்பி அனுப்பி வையுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து எங்கள் படுக்கையறையில் நறநறவென்று ஒரு சத்தம். “சத்தம் உங்க வாயிலேருந்துதான் வருது, தூக்கத்துல பல்லை அரைக்கிறீங்க” என்று அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். நான் கேட்பேனா? முப்பத்திரண்டு வருடம் தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு போர்மனாக இருந்தவன். ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற மெஷின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அங்கே எனக்கு ‘காது போர்மன்’ என்றே பெயர். ஆகவே செல்போனைத் தலைமாட்டில் வைத்துச் சத்தத்தைப் பதிவு செய்து, காலையில் கேட்டுத் தீர்ப்புச் சொன்னேன். “ரெண்டு பேரிங் போயிருக்கு. ஒண்ணு கனமா அரைக்குது, இன்னொண்ணு மெல்லிசா அரைக்குது.” எழுந்ததிலிருந்து தாடை வலிக்கிறது என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், வலியையும் மறந்து சிரித்தாள். “உங்க ஒரு வாய்க்குள்ள எங்கேயிருந்து ரெண்டு பேரிங் வரும்?” என்றாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றே ஃபேனைக் கழற்றி கிரீஸ் போட்டேன், சத்தம் நிற்கவில்லை. ஃபேனையே மாற்றினேன், நிற்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையில் இருந்த ஃபிரிட்ஜைத் தரதரவென்று இழுத்து ஹால் நடுவில் நிறுத்தினேன், வந்தவர்களெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு போனார்களே தவிர சத்தம் போகவில்லை. கடைசியில் கட்டில்தான் குற்றவாளி என்று அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மறுபடி பூட்டினேன். பூட்டி முடித்தபோது கையில் இரண்டு போல்ட் மிச்சம். “ஸ்பேர் இருந்தா நல்லதுதானே” என்றேன். அவள் உட்கார்ந்தாள். அவள் பக்கம் மட்டும் கட்டில் தரையோடு தரையாகப் போயிற்று. அப்புறம்தான் பெட்டியை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குக் கிளம்பினாள். “சத்தம் நின்னா கூப்பிடுங்க” என்று மட்டும் சொன்னாள்.

அவள் கிளம்பிய நாலாம் நாள் பாலில் ஊறவைத்த ரொட்டியைக் கடித்தேன், மச்சான். ஊறவைத்த ரொட்டி! கடைவாய்ப் பல் பிளந்துகொண்டது. பல் டாக்டரம்மா வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “தூக்கம் எப்படி சார்?” என்றார். பல்லுக்கு வந்தவனிடம் தூக்கத்தைக் கேட்கிறாரே, இடம் மாறி வந்துவிட்டோமோ என்று வாசல் போர்டை எட்டிப் பார்த்தேன். “தூக்கம் அரைகுறையா இருந்தா சில பேருக்குத் தாடை சும்மா இருக்காது, அரைக்கும். பல்லு தேயும், விரிசல் விடும். அந்த வலியில இருக்கிற தூக்கமும் போயிடும். உங்க பல்லெல்லாம் பழைய படிக்கட்டு மாதிரி தேஞ்சிருக்கு” என்றார். “எத்தனை மில்லிமீட்டர் தேய்மானம் டாக்டர்?” என்று கேட்டேன். பழக்கதோஷம். அவர் என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். பார்த்தேன். பழுதான மெஷின் நானேதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பல்லுக்காக இல்லை, மச்சான். வேலை போன பிறகு எனக்கென்று மிச்சமிருந்தது இந்தக் காது ஒன்றுதான். அதுவும் பொய் சொல்லிவிட்டது, அதை நம்பி, கட்டின மனைவியையும் விரட்டிவிட்டேன்.

டாக்டரம்மா அச்சு எடுத்து, படுக்கும்போது பல்மேல் மாட்டிக்கொள்ள ஒரு உறை செய்து கொடுத்தார். சாயங்காலக் காபியை நிறுத்தச் சொன்னார். முதல் ஷிப்டு ஞாபகத்தில் நாலு மணிக்கே எழுந்து வீட்டை அளப்பதையும் நிறுத்தச் சொன்னார். பதினோரு நாளாகப் பதிவு செய்து கேட்கிறேன், ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. போல்ட் இரண்டையும் போட்டாயிற்று. ஃபிரிட்ஜ் சமையலறைக்குத் திரும்பிவிட்டது. வீடு இவ்வளவு அமைதியாக இருந்து என்ன பிரயோஜனம், சொல்லுங்கள். ரெண்டு தட்டு வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப எடுத்து வைக்கிறேன். தப்பு முழுக்க முழுக்க என்னுடையது. தயவுசெய்து அவளை அனுப்பி வையுங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி, எல்லோருடைய பற்களுக்கும் தீர்க்காயுசு.

இப்படிக்கு,
‘காது’ பட்டத்தைத் துறந்துவிட்ட
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: இந்தக் கடித உறையை ஒட்டப் போகும்போது உங்கள் போன் வந்தது. “மாப்ளே, தங்கச்சி படுக்கிற ரூம்ல மெல்லிசா நறநறன்னு ஒரு சத்தம். அவ வந்த நாள்லேருந்துதான். ஃபேனைக் கழட்டிட்டேன், அப்பவும் நிக்கல. நீங்க வந்து ஸ்க்ரூடிரைவர் வச்சுக் கேட்டுச் சொல்லுங்களேன்” என்றீர்கள். மச்சான், ஃபேனைத் திரும்ப மாட்டிவிடுங்கள். கட்டில் பக்கம் போகவே போகாதீர்கள். மேலே எழுதிய மன்னிப்பில் சரிபாதியையும், துறந்த பட்டத்தை முழுசாகவும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வியாழக்கிழமை அவளுக்கும் அச்சு எடுக்க டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கியாயிற்று. நாளை முதல் பஸ்ஸில் நானே வருகிறேன். இந்தக் கடிதத்தையும் கையிலேயே கொண்டுவருகிறேன். அதுவரை அவளிடம் மூச்சு விடாதீர்கள். அவள் முகத்தைப் பார்த்து நானே கேட்க வேண்டும்: ரெண்டு பேரிங்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா?