எல்லாம் ஹேண்ட்லிங்குக்குத்தான் சார்

இனிமேல் என் வண்டியைப் பற்றி இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று நான் தீர்மானித்தேன். சத்தமாகவே தீர்மானித்தேன். மனைவி மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், காதில் விழாது என்ற தைரியம்தான்.

"அங்க என்ன தனியா பேச்சு?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்லம்மா. தொண்டை கரகரன்னு இருக்கு."

வண்டி என்றால் பிக்கப். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் வந்து சேர்ந்தது. அதனால் இந்த வீட்டில் சீனியாரிட்டி அதற்குத்தான் என்று ஒருமுறை வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, இரண்டு நாள் நானே சமைத்துச் சாப்பிட்டேன்.

எனக்குத் தொழில் பொத்தான் கடை. பொத்தான், நூல், ஊசி, ஜிப். மொத்தச் சரக்கையும் நாலு பைகளில் அள்ளிவிடலாம். "பொத்தான் விக்கிறவருக்கு பிக்கப் எதுக்கு?" என்று கேட்காத ஆள் கிடையாது. ஆசைப்பட்டு வாங்கினேன். ஆசைக்கெல்லாம் காரணம் கேட்டால் நான் எங்கே போவேன்?

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். வண்டிக்கு வயசாகிவிட்டது. சிக்னலில் நிற்க வேண்டுமென்றால் முந்தின தெருவிலிருந்தே பிரேக்கை மிதிக்கத் தொடங்க வேண்டும். அதுவும் சும்மா மிதித்தால் போதாது, சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்க வேண்டும். வளைவில் திருப்பினால் வண்டி முதலில் சாயும், பிறகு யோசிக்கும், அப்புறம்தான் திரும்பும். சஸ்பென்ஷன்? ரோட்டில் ஒரு பொத்தான் கிடந்தால், அதில் ரெண்டு ஓட்டையா நாலு ஓட்டையா என்று என் முதுகெலும்பு சொல்லிவிடும்.

இதெல்லாம் எனக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்த சமாச்சாரம். நடுவில் கேக் வந்து சேர்ந்ததுதான் வினை.

என் மனைவி கேக் செய்து விற்கிறாள். முதலில் அடுத்த வீட்டுப் பிறந்தநாளுக்கு ஒன்று செய்தாள். இப்போது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் என் தண்ணீர் பாட்டிலுக்கு இடமில்லை. போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு மூன்றடுக்குக் கேக். ஆட்டோவில் வைத்தால் கூரை இடிக்கும்.

"என் வண்டி எதுக்கு இருக்கு?" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

"அதான் பயமா இருக்கு" என்றாள்.

அவள் பயந்தது சரிதான். தண்ணீர்த் தொட்டி வளைவில் ஒரு பூனை குறுக்கே போனது. நான் எழுந்து நின்று மிதித்தேன். பூனை பிழைத்தது. மூன்றடுக்காகக் கிளம்பிய கேக் ஓரடுக்காகப் போய்ச் சேர்ந்தது. மணப்பெண் அதைப் பார்த்து, "இது என்ன மாடல்?" என்று கேட்டாள். என் மனைவி அங்கே சிரித்துச் சமாளித்தாள். வீட்டுக்கு வந்து, ஜாக்கெட்டில் ஒட்டியிருந்த க்ரீமைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"இந்த வண்டிய வித்துடுங்க."

"என்னது?"

"பழைய இரும்புக்காரர்கிட்ட சொல்லியாச்சு. நாளைக்கு வந்து பாப்பாரு. ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போவாரு."

சொன்னபடியே மறுநாள் காலையில் ஆள் வந்து நின்றார். தோளில் ஒரு தோல் பை, காதில் ஒரு பேனா. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார்.

"ரைட்!" என்றார்.

"என்ன ரைட்?" என்றேன்.

"இல்ல... இரும்பு ரைட்டா இருக்குன்னு சொன்னேன். முன்னாடி கொஞ்சம் நகந்து நில்லுங்க சார்."

என் வண்டியைக் கிலோக் கணக்கில் பார்க்கும் அந்தக் கண்ணைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. விடுவேனா? அன்றைக்கே ஒரு திட்டம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் இவளுக்குத் தெரியாமல் வண்டியைப் புதுசாக்கிவிட வேண்டும். பிரேக் மாற்றி, சஸ்பென்ஷன் மாற்றி, வண்டியை ஓட்டிக் காட்டினால் அவளே "விக்க வேணாங்க" என்று கெஞ்சுவாள். கெஞ்சும்போது நான் கொஞ்ச நேரம் பிகு பண்ணலாம் என்பதுவரை யோசித்து வைத்துவிட்டேன்.

"விக்கிறதுக்கு முன்னாடி கழுவித் தரணும்ல? ஷெட்டுல விட்டுட்டு வரேன்" என்றேன்.

"நல்லா கழுவச் சொல்லுங்க" என்றாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. எவ்வளவு அப்பாவி என்று எனக்கே பாவமாக இருந்தது.

மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டிக்கு அடியில் படுத்தபடியே பேசுவார். அவர் முகத்தை விடப் பாதத்தைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

"சார், முன்னாடி டிரம் பிரேக்கைத் தூக்கிப் போட்டுட்டு டிஸ்க் போட்டுடலாம். பின்னாடி பட்டை ஸ்பிரிங் ரொம்ப முறுக்கா இருக்கு. லோடு ஏத்துறதுக்குப் போட்டது. ஒரு பட்டைய எடுத்துட்டு, புது ஷாக் அப்சார்பர் போட்டா பஞ்சு மாதிரி போகும். வளைவுல சாயாம இருக்க அடியில ஒரு கம்பி."

"வளைவுல நல்லா நிக்குமா?"

"அதுக்குப் பேருதான் சார் ஹேண்ட்லிங்."

ஹேண்ட்லிங்! அந்த வார்த்தை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. தினமும் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு ஷெட்டுக்கு ஓடினேன். போகும்போதெல்லாம் வண்டியில் ஏதாவது ஒன்று புதிதாக இருக்கும்.

"பிரேக்குக்கு பூஸ்டர் வச்சிருக்கேன் சார். மெதுவா கால வச்சாலே பிடிக்கும்."

"எனக்குக் கால்ல நல்ல பலம் இருக்கே?"

"ஹேண்ட்லிங் சார்."

"அப்ப சரி."

அடுத்த நாள் டிரைவர் சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி ஒன்று இருந்தது. சீட் முன்னும் பின்னும் நகர்ந்தது. மேலே கனமாக ஒரு மெத்தை வேறு.

"இது எதுக்கு? எனக்கு இப்பவே தலை கூரையில தட்டுது."

"ஹேண்ட்லிங் சார்."

அதற்கு மறுநாள் பின்னால் பார்க்கும் கண்ணாடியெல்லாம் கீழே இறங்கியிருந்தது. பின்பக்கத்தில் வார் வைத்து இறுக்குகிற மாதிரி ஒரு தட்டையான அலமாரி.

"ஸ்பேனர், இது?"

"பின்னாடி வெயிட்டு ஒரே மட்டமா நிக்கணும்ல சார். அதெல்லாம்..."

"ஹேண்ட்லிங்" என்று நானே முடித்தேன். விஷயம் தெரிந்தவன் என்று அவருக்குப் புரியட்டும்.

சனிக்கிழமை வண்டியை எடுத்தேன். ஐயோ, அதை எப்படிச் சொல்ல! மெயின் ரோடு வளைவில் திருப்பினேன். நினைத்த மாத்திரத்தில் திரும்பியது! சாயவில்லை, யோசிக்கவில்லை. ஸ்பீடு பிரேக்கர் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். வண்டி அதைத் தாண்டிவிட்டதைப் பின்னால் திரும்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பிரேக்கில் காலை வைத்தேன், வைத்தேன் அவ்வளவுதான், வண்டி சொன்ன இடத்தில் நின்றது. அந்த ஒரே வளைவை ஐந்தாறு முறை சுற்றிவந்தேன். அங்கிருந்த டீக்கடைக்காரர், "வழி தெரியலையா சார்?" என்று பரிதாபமாகக் கேட்டார். "வழியா? இனிமே எல்லா வழியும் நம்ம வழிதான்!" என்று கத்திவிட்டுப் போனேன். வீட்டு வாசலில் ஹாரன் அடித்தபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மனைவி வெளியே வந்தாள். எதிர்வீட்டு அக்காவும் வந்தார். அக்காவுக்குப் பஸ் டிரைவர் வேலை. பெரிய பஸ்ஸைச் சின்னச் சந்தில் திருப்பிக் காட்டுவார். என் வண்டியைப் பார்த்து இத்தனை வருஷம் சிரித்தவர் அவர். இன்றைக்குச் சாட்சிக்கு ஆள் கிடைத்ததே என்று எனக்குக் குஷி.

"கழுவினதுக்கு இவ்வளவு நாளா?" என்றாள் மனைவி.

"கழுவினதா? உள்ள போய் ஒரு டம்ளர்ல தண்ணி மொண்டுட்டு வா. விளிம்பு வரைக்கும்!"

"குடிக்கவா?"

"பந்தயத்துக்கு! டம்ளரைக் கையில பிடிச்சுக்கிட்டு வண்டியில உக்காரு. கடைத்தெரு போய், தண்ணித்தொட்டி வளைவு சுத்தி, திரும்பி வருவோம். ஒரு சொட்டு சிந்தினா, நாளைக்கு இரும்புக்காரர் எடுத்துட்டுப் போகட்டும். நான் வாய் திறக்க மாட்டேன்."

"சிந்தலைன்னா?"

"சிந்தலைன்னா விக்கிற பேச்சே எடுக்கக்கூடாது. உன் கேக்கெல்லாம் இனிமே இந்த வண்டியிலதான் போகணும். வேற வண்டியில ஏத்தக்கூடாது!"

"அக்கா, கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் அவள்.

"தெளிவா கேட்டேன்" என்றார் அக்கா. "தம்பி, பேச்சு மாற மாட்டீங்களே?"

"நானா? என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?"

நடுவில் மனைவி, ஜன்னலோரம் அக்கா, ஸ்டியரிங்கில் நான். கிளம்பினோம். பள்ளிக்கூடத்து ஸ்பீடு பிரேக்கரில் டம்ளர் அசையவில்லை. கடைத்தெருப் பள்ளத்தில் தண்ணீர் லேசாகச் சிலிர்த்து அடங்கியது. தண்ணீர்த் தொட்டி வளைவில் நான் மூச்சுவிடவே இல்லை. வளைவு முடிகிற இடத்தில், பெயின்டர் ஒருவர் சைக்கிளில் ஏணியை வைத்துக்கொண்டு சட்டென்று குறுக்கே வந்தார்!

மிதித்தேன். வண்டி நின்றது. ஏணி வண்டியின் முன்கண்ணாடிக்கு முன்னால் ஒரு முழத்தில் நின்றது. தண்ணீர் டம்ளரின் ஒரு பக்கமாக ஏறி, விளிம்பை எட்டிப் பார்த்து, மறுபடி இறங்கியது. என் மனைவியின் கட்டைவிரல் காய்ந்தே இருந்தது.

"சிந்தல!" என்று நான் கத்தினேன். "அக்கா, பாத்தீங்களா? ஒரு சொட்டு! ஒரு சொட்டு சிந்தல!"

பெயின்டர் ஏணியோடு ஓடிப்போனார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் நான் பந்தயத்தில் ஜெயித்தவன் நிற்கிற மாதிரி நின்றேன். கெஞ்சட்டும் என்று காத்திருந்தேன்.

"ஜெயிச்சிட்டீங்க" என்றாள் அவள். "வண்டிய விக்க வேணாம்."

"அப்படி வா வழிக்கு!"

"கேக்கெல்லாம் இந்த வண்டியிலதான் போகணும். அப்படித்தானே?"

"ஆமா. நானே கொண்டுபோய்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினேன். "ஆனா நான் காலையிலேர்ந்து கடையில இருப்பேனே. யாரு ஓட்டுவா?"

அவள் இடுப்பிலிருந்து சின்ன பர்ஸை எடுத்தாள். அதற்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். டிரைவிங் லைசென்ஸ். அதில் இருந்த போட்டோவில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது... எப்போ?"

"அக்காதான் சொல்லிக்குடுத்தாங்க. ஸ்பேனர் தம்பியோட ஷெட்டுக்குப் பின்னாடி காலி இடம் இருக்குல்ல, அங்கதான். உங்க வண்டிய நீங்க சர்வீசுக்கு விடுற நாளெல்லாம். அந்த பிரேக்கை மிதிச்சு மிதிச்சு எனக்குக் கால் வீங்கிப்போச்சு. எழுந்து நின்னு மிதிச்சாலும் வண்டி நிக்காது. சீட்டு வேற எட்டாது."

பூஸ்டர். தண்டவாளம். மெத்தை. கீழே இறங்கிய கண்ணாடி. கேக் அலமாரி. ஒவ்வொன்றாக என் தலையில் வந்து விழுந்தது. ஸ்பேனர் இந்த வாரம் முழுக்க வண்டிக்கு அடியிலிருந்து முகத்தைக் காட்டாததற்குக் காரணம் இப்போதுதான் புரிந்தது. சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்ப அந்தப் பழைய இரும்புக்காரர்?"

"எங்க பஸ் கண்டக்டர் தம்பி" என்றார் அக்கா. "நல்லாத்தான் நடிச்சாரு. 'ரைட்'டு மட்டும் வாய் தவறி வந்துடுச்சாம். பழக்கதோஷம்."

"அடப்பாவிகளா! வண்டிய சரி பண்ணுங்கன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சரி பண்ணச் சொல்லி ரெண்டு வருஷமா சொன்னேன்ல? 'பாக்கலாம், பாக்கலாம்'னீங்க. விக்கச் சொன்னேன். ஒரே வாரத்துல டிஸ்க் பிரேக்."

அப்போதுதான் எனக்கு டம்ளர் ஞாபகம் வந்தது.

"அது கிடக்கட்டும். பந்தயத்துல ஜெயிச்சது நான்தானே? தண்ணி சிந்தல இல்ல?"

அவள் டம்ளரில் இருந்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தாள். "அந்த ஏணிக்காரர் வந்தப்ப டம்ளரைச் சாய்ச்சுப் பிடிச்சது யாருன்னு நினைச்சீங்க? நீங்க தோத்துடக் கூடாதேன்னு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!"

அக்கா சிரித்த சிரிப்பில் தெருநாய் எழுந்து போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை. இன்னொரு கல்யாணம், இந்த முறை நான்கடுக்கு. மூன்று அடுக்கு பின்னால் அலமாரியில் வாரோடு உட்கார்ந்திருந்தது. உச்சி அடுக்கு, நான் உட்காரலாம் என்று நினைத்திருந்த முன்சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஜன்னலோரம் அக்கா. மனைவி சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். மெத்தை அவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. முகத்தில் ஒரு பயமும் இல்லை, சந்தோஷம் தாங்கவில்லை. சொல்லக் கூடாது, எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"என்னையும் ஏத்திக்கிட்டுப் போயேன், போற வழியில கடையில இறக்கி விட்டுடு" என்றேன்.

"இடமில்லீங்களே. கடை மூணு தெரு தானே? நடந்தா உடம்புக்கு நல்லது." அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "அதுக்கு முன்னாடி பின்னால நின்னு, ரிவர்ஸ் எடுக்க இடம் இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லிடுங்க."

என் வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். தகரத்தில் இரண்டு தட்டு தட்டினேன்.

"போலாம்... ரைட்!"