எர்த்துக்கு ஒரு கொடம் தண்ணி

ஏரி ஒடஞ்சி ஜனமெல்லாம் ரெண்டு நாளு பள்ளிக்கூடத்துல படுத்துக்கினு இருந்துச்சே, அதுக்கு மறு கோடை. அம்மாந்தண்ணி வந்த ஊருக்கு அடுத்த வருசமே தண்ணி லாரி வந்துச்சி பாருங்க, அப்பத்தான் அவன் எங்க லைன் ஊட்டுக்கு குடி வந்தான். மண்ணுக்கு தாகம் எடுக்குதுன்னு, மனுசன் குடிக்கிற தண்ணிய மண்ணுல ஊத்துனவன் இந்த கும்மிடிப்பூண்டியிலயே அவன் ஒருத்தன்தான். பேரு இன்னாவோ சொன்னான். நாங்க எர்த்துன்னுதான் கூப்பிடுவோம்.

எஸ்டேட்டுல இரும்புக் கம்பெனியில எலக்ட்ரிசியன் வேலை. ஒண்டிக்கட்ட. ஊட்டுல ஒரு பாயி, ஒரு ஸ்டவ்வு. மீதி எடமெல்லாம் பாட்டுப் பொட்டி. எங்க பீரோ ஒசரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கரு. அதுல பாட்டு கேட்டாலும் பரவால்ல. பாட்டே போடாம ஸ்பீக்கர்ல காத வச்சிக்கினு குந்திக்கினு இருப்பான். இன்னாடா பண்றன்னு கேட்டா, "உர்ருங்குது ணா"ம்பான். எனக்கு ஒண்ணும் கேக்கல. எங்க ஊட்டுக்காரி கூப்பிட்டாலே எனக்கு கேக்காது, அது வேற கதை.

எர்த்து, அதான் கரண்டு ஒழுகுனா மண்ணுக்குள்ள எறக்குற ஒயரு, அது இல்லாததாலதான் உர்ருங்குதாம். ப்ளக்குல ஊட்டு ஓனரு மூணு ஓட்ட வச்சாரு, ரெண்டுக்குத்தான் ஒயரு வுட்டாரு. மேல கீற பெரிய ஓட்ட சும்மா அழகுக்கு. இவன் இன்னா பண்ணான், பின்னாடி ஆள் ஒசரத்துக்கு பள்ளம் தோண்டி, ஒரு பைப்ப நட்டு, சுத்தி அடுப்புக்கரியும் உப்பும் கொட்டி, மேல தண்ணி ஊத்த மட்டும் கொஞ்சம் பள்ளமா வுட்டான். மூட்ட உப்பப் பாத்துட்டு, கருவாடு போடப் போறியான்னு பக்கத்து ஊட்டு மேரி கேட்டா. அத்தோட வுட்டானா? அந்த எடம் காயக்கூடாதாம். காயாம இருந்தாத்தான் எர்த்து புடிக்குமாம். தெனம் ஒரு கொடம் தண்ணி ஊத்துவான்.

லாரி வரதே ரெண்டு நாளைக்கு ஒருக்கா. ஊட்டுக்கு நாலு கொடம். மேரிக்கு வயிறு எரிஞ்சிபோச்சி.

"யோவ், பைப்ப குளிப்பாட்டுறியே, நீ குளிச்சி எத்தினி நாளாவுது?"

"நான் கம்பெனில குளிச்சிக்கிறேன்கா. அது எங்க போவும்?"



அதுக்கப்புறம் எங்க ஃபிரிட்ஜி போடுறப்ப அவன் செட்டுல டக்குங்குதுன்னு ஆரம்பிச்சான். பன்னெண்டு ஊட்டு ப்ளக்குலயும் பச்ச ஒயரு இஸ்த்து அவன் பள்ளத்துல சேக்கணுமாம். முடியாதுன்னேன். நாஷ்டா துன்ற நேரமா பாத்து ஒரு வாரம் வாசல்ல வந்து குந்திக்கினான். பேஜாரு தாங்காம, போட்டுத் தொலைன்னேன். எல்லா ஊட்லயும் அப்பிடித்தான் ஜெயிச்சான். செவுரு நெடுக ஓடுன அந்த ஒயர்ல பொம்பளைங்க துணி காயவச்சாங்க. எடுக்கச் சொல்லி தெனம் ஒரு சண்ட.

கடசியா எல்லாரும் சேந்து ஓனருக்கு மனு எழுதுனோம். நான்தான் மொதல்ல கைநாட்டு வச்சேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள பள்ளத்த மூடு, இல்லன்னா ஊட்ட காலி பண்ணுன்னுட்டாரு ஓனரு. அவன் அன்னிக்கும் ஒரு கொடம் ஊத்துனான்.

சனிக்கெழமை சரசு, எங்க ஊட்டுக்காரி, மாவாட்டி முடிச்சி கிரைண்டர கழுவிக்கினு இருந்தா. ப்ளக்க புடுங்கல. டப்புன்னு ஒரு சத்தம், லைன் மொத்தமும் கரண்டு போச்சி. எர்த்து ஓடியாந்தான். ப்ளக்க புடுங்கிட்டு கிரைண்டர கவுத்துப் போட்டான். உள்ள ஒயரு தோலு உரிஞ்சி தகரத்துல ஒட்டிக்கினு இருந்துச்சி. சரசு கையில ஈரம் சொட்டுது.

"ணா, கரண்டு மண்ணுக்கு போயிட்சி, ஃபீஸு புடுங்கிக்கிச்சி. எர்த்து மட்டும் இல்லன்னா அண்ணி இன்னேரம்..." கிரைண்டர நிமித்தி வச்சிட்டு சொன்னான்: "இன்னிக்கித்தான் ணா உர்ருன்றது சுத்தமா நின்னுச்சி. மொத பாட்டு. பாதில போச்சி."

எனக்கு அழுவறதா, அவன ரெண்டு போடறதான்னு தெரியல.

மறுநாள் காலைல ஓனரு ஊட்டுக்கு போயி, என் கைநாட்ட எடுத்துடுங்கன்னேன். "வச்ச கைநாட்ட எப்பிடிய்யா எடுக்கறது?"ன்னாரு. அப்பிடின்னா மூட வேணாம்னு இன்னொன்னு வக்கிறேன், பேப்பரு குடுங்கன்னேன். பின்னாடியே வந்த மேரி, பள்ளத்த மூடுனா பன்னெண்டு ஊடும் காலி பண்ணிடுவோம்னா. ஓனரு கதவ சாத்திக்கினாரு. பள்ளம் தப்பிச்சிது.

அப்புறம் கம்பெனிய மூடிட்டாங்க. அவன் ஒசூர் பக்கம் வேலைக்கி போயிட்டான். பொட்டியெல்லாம் வண்டில ஏத்துனான், பள்ளத்த ஏத்த முடியுமா? தெனம் ஒரு கொடம் ணான்னான். எனக்கு வேற வேலவெட்டி இல்லியாடான்னு நல்லா திட்டித்தான் அனுப்புனேன்.

இப்ப எங்க லைன்ல பாட்டுப் பொட்டியே கெடையாது. இருந்தும் காலைல பல்லு வெளக்குன கையோட, முட்டி வலியோட, அவனத் திட்டிக்கினே கொடத்த தூக்கினு போறேன். ஒசூர் பக்கம் போறவங்க, வெறும் மண்ணுக்கு தண்ணி ஊத்துறவன் எவனையாச்சும் பாத்தா, விசாரிக்கவே வேணாம், அவன்தான். அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க. பள்ளம் இன்னும் காயலன்னு.