ஆகாய நீலத்துக்கு அடுத்த வரி

கனவு காண்கிறவர்கள் கையில் கணினியைக் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் திருப்பூரில் இல்லை.

கல்லூரியில் அந்த வகுப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. திரையில் ஒரு பட்டியல் இருந்தால், அதில் நாம் தொட்ட வரியை நிரல் எப்படி வாசிக்கிறது என்று மேடம் விளக்கிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் தோகையை இழுத்துக்கொண்டு நடந்த மயிலின் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். "கம்ப்யூட்டர் முதல் வரியைப் பூஜ்ஜியம்னுதான் எண்ணும்" என்று அவர் சொன்னது அன்றைக்குத்தானாம். (தோழி பிற்பாடு சொன்னாள். ரொம்பப் பிற்பாடு.)

படிப்பு முடிந்ததும் தாய்மாமா கூப்பிட்டார். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் குழந்தைகள் உடுப்பு தைக்கும் கம்பெனி அவருடையது.

"கண்ணு, துணிக்குச் சாயம் போட டையிங்குக்கு அனுப்பற சீட்டைக் கையில எழுதியெழுதிச் சலிச்சுப்போச்சு. நீ ஒரு சாப்ட்வேர் போட்டுக் குடேன்."

போட்டேன். பக்கத்து ஷெட்டில் நிட்டிங் மெஷின்கள் ஒரே சுருதியில் ஓடின. அந்தச் சத்தத்தில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கலாம். நிறங்களின் பெயர்களை, ஒரு நாள் விடிந்து இருட்டுகிற வரிசையில் அடுக்கினேன். முதலில் வெளிர்மஞ்சள், நடுவில் ஆகாய நீலம், அதன் கீழே பாக்கு நிறம், கடைசியில் கருப்பு. ஒரு பெயரைத் தொட்டால் அதன்மேல் பளிச்சென்று ஒரு பட்டை படரும். அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். (டெஸ்டிங் என்று நான் நினைத்தது இதைத்தான்.)

சீட்டில் நிறத்தின் பெயர் வராது. அந்த நிறத்துக்குச் சாயப்பட்டறை வைத்திருக்கும் நம்பர் மட்டும்தான். மாமா ஆகாய நீலத்தைத் தொட்டார், சீட்டை எடுத்தார், முந்நூறு கிலோ வெள்ளைத் துணியோடு அனுப்பினார்.

நாலாம் நாள் துணி திரும்பி வந்தது. மூட்டையைப் பிரித்த மாமா, வேன் டிரைவரைப் பார்த்தார்.

"ஏனுங்க, இது ஆரோட துணிங்க? மாத்திக் கொண்டாந்துட்டீங்களாட்ட இருக்குது."

திருநெல்வேலிக்காரரான டிரைவர் சீட்டை நீட்டினார். "உங்க லோடுதான் அண்ணாச்சி. இதுல உள்ள நம்பரைத்தான போட்டிருக்காவ."

முந்நூறு கிலோவும் பாக்கு நிறம்.

ஓடிப்போய் நிரலைத் திறந்தேன். முதல் வரியைக் கணினி பூஜ்ஜியம் என்று சொல்ல, 'பாவம், ஒன்று குறைத்து எண்ணுகிறதே' என்று நானே இரக்கப்பட்டு ஒன்றைக் கூட்டியிருந்தேன். எதைத் தொட்டாலும் அடுத்த வரியைத்தான் வாசித்தது!

"என் தப்புதான் மாமா" என்று சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது. பத்து நாளில் கப்பல் ஏற வேண்டிய ஆர்டர்.

மாமா திட்டவில்லை. (திட்டியிருக்கலாம்.) கை துடைத்துக்கொண்டு, ஆர்டர் கொடுத்தவரைப் போனில் பிடித்தார். "கொஞ்சம் டைம் குடுங்க சார்... இல்லீங்க, மெஷின் ரிப்பேருங்க" என்று கெஞ்சி ஒரு வாரம் வாங்கினார். எனக்காக அவர் சொன்ன பொய் அது. அத்தைதான் துணியைத் தூக்கிப் பிடித்து, "ஏங்கண்ணு, இது கொழந்தைக்கா, கொள்ளுத்தாத்தனுக்கா?" என்றாள்.

புதுத் துணிக்குச் சாயம் போட்டு ஆர்டர் போய்விட்டது. பாக்கு நிறம் நீலமாகாது; அது எங்களிடமே தங்கியது. அதன்பின் எங்கள் சொந்தத்தில் பிறந்த ஒரு குழந்தையும் தப்பவில்லை. பேர் வைப்பு, காதுகுத்து, முதல் பிறந்தநாள் எல்லாவற்றிலும் அதே பாக்கு நிறச் சட்டை.

போன மாதம் என் மகள் பழைய ஆல்பங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: "அம்மா, நம்ம சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே ஸ்கூலா?"

பக்கத்திலிருந்த மாமா முந்திக்கொண்டார். "ஆமாங் கண்ணு. உங்கொம்மாதான் ஹெட்மிஸ்ட்ரஸ்."