கொழுந்துத் தராசும் அண்ணனின் மார்க்கும்

மதிப்பிற்குரிய தைப்பிங் மாமா அவர்களுக்கு, துளசியின் பணிவான வணக்கம். இங்கே எல்லோரும் சுகம், குளிர்தான் அதிகம். நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் எனக்குக் குரலே வராது என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் விஷயத்தில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு முள். அப்பா தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் தொங்குகிறதே தராசு, அதில் எதுவும் மாட்டாதபோதும் முள் பூஜ்யத்துக்கு இடப்பக்கம் சாய்ந்தே நிற்கும். கூடையின் எடையையும் கொழுந்தின் ஈரத்தையும் கழிப்பதற்காக அப்பாவே காலையில் அப்படித் திருகி வைப்பார்.

அகிலன் அண்ணன் இராணுவக் கல்லூரிக்கு மனுப் போட்டதும் நீங்கள் அப்பாவை அழைத்து, "மார்க்கெல்லாம் சும்மா லா மச்சான். பட்டாளத்துல உடம்பத்தான் பார்ப்பாங்க. ஒல்லியா இருந்தா வாசல்லயே அனுப்பிடுவாங்க" என்றீர்கள். நீங்கள் பட்டாளத்திலேயே சமையல் செய்தவர் என்பதால் அப்பா அப்படியே நம்பிவிட்டார். அன்றைக்கே அண்ணனைத் தராசுக் கொக்கியைப் பிடித்துத் தொங்கச் சொன்னார். அண்ணன் காலை மடக்கிக்கொண்டு மூட்டை மாதிரி ஆடினான். "எடை பத்தலையே" என்று அப்பா முகம் வாடினார். "முள்ளு, அப்பா" என்றேன். "வாய்க்குள்ளயே பேசாத, போய் முட்டைய அவி" என்றார் அம்மா. அவித்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் லைன் வீடுகள் முழுக்க அண்ணனுக்குத்தான் சமைத்தது. பக்கத்து வீட்டுத் தங்கம்மா அக்கா காலையில் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு கொடுத்தார், அம்மா மத்தியானம் கோழி வைத்தார், கோயிலில் பொங்கல் மிஞ்சினாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது, ஒருநாள் அண்ணனின் சட்டைப் பித்தான் தெறித்துச் சாமி விளக்கில் விழுந்தது, அப்பா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "நூலு பழசு, தராசு பொய் சொல்லாது" என்றார்.

கல்லூரிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு ஈப்போ போனோம். அங்கே முதல் மேசையில் யாரும் உடம்பைப் பார்க்கவில்லை மாமா, எஸ்பிஎம் பள்ளி இறுதித் தேர்வு முடிவைத்தான் கேட்டார்கள். தூண் மாதிரி நின்ற பையன்கள்கூட மார்க்கு போதாமல் அந்த மேசையோடு திரும்பினார்கள். அண்ணனுக்குக் கணக்கிலும் மலாய் மொழியிலும் நல்ல மார்க்கு, உள்ளே விட்டார்கள். அடுத்த அறையில் தராசு. அதில் ஏறிய அண்ணனைத் தமிழ் அதிகாரி ஒருவர் மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி எங்க, தேயிலைத் தோட்டமா, கோழிப் பண்ணையா?"

அண்ணன் வயிற்றை உள்ளே இழுத்தான். அதிகாரி அப்பாவிடம் சொன்னார்: "மார்க்கு கொறைஞ்சிருந்தா நான் ஒன்னும் செய்ய முடியாதுங்க. எடைதானே, எறக்கிடலாம். அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க, மறுபடி நிறுக்கிறோம்."

வெளியே வந்த பிறகுதான் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, எம் மகன் முதுகுல கூடையே இல்லையே."

வீட்டுக்கு வந்ததும் முள்ளை நேராக்கினார். அண்ணன் தினமும் கியா பார்ம் சந்தை வரைக்கும் ஓடிவிட்டு வருகிறான். நேற்று சாயங்காலம் தொங்கவிட்டதில் எடை சரியாக இறங்கியிருந்தது. அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தார். எங்கள் கவலை தீர்ந்தது மாமா, நீங்களும் நிம்மதியாக இருங்கள். சாப்பாட்டு யோசனை மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அத்தைக்கு என் அன்பு. உங்கள் மூட்டுவலி சீக்கிரம் குணமாகட்டும்.

இப்படிக்கு,
துளசி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக் கொட்டகைக்குப் போனேன். முள் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. அண்ணனுக்காக நேராக்கியதை, மறுநாள் கொழுந்து வந்ததும் அப்பா பழக்கத்தில் பழையபடி திருகிவிட்டிருக்கிறார். அப்படியானால் நேற்று இறங்கியதாகக் காட்டிய எடையும் பொய். நல்லவேளை, ஈப்போவில் மறுபடி நிறுக்க இன்னும் நாள் இருக்கிறது. முள்ளை நேராக்கினேன். வீட்டுக்கு வந்து, எடை இறங்கிய சந்தோஷத்தில் அண்ணன் தின்றுகொண்டிருந்த ரொட்டி சானாயைக் கையிலிருந்து பிடுங்கி நானே தின்றேன்.