ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்த அலுவலகம்

தப்பான தேதியைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். இருபத்தாறு ஆண்டுகளாக ஒருநாள் விடாமல் டைரி எழுதுகிறவனுக்கு வரும் வியாதி. (மனைவி வசந்தா இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள். அச்சில் போட முடியாது.)

வங்காளத்தில், நியூ டவுனில், எங்களுக்குக் கீழ்வீட்டில் இருப்பவர் ரூமாதி ('தி' என்றால் அக்கா; அவருக்கு நான் 'தாதா', அதாவது அண்ணன்). திருநங்கை, நாடக நடிகை. நூறாண்டுகளுக்கு முன் இதே ஊரில் நிஜமாக வாழ்ந்த ஒரு திருநங்கையைப் பற்றிய படத்தில் அவருக்கு முக்கிய வேடம் கிடைத்தது.

"தாதா, இத்தனை நாள் இந்த மாதிரி வேஷத்துக்கெல்லாம் மீசையைச் சிரைச்ச ஹீரோதான். நான் சொதப்பினா மறுபடி அவங்கதான்" என்றார்.

காட்சி இது: அவள் அரசாங்க அலுவலகத்துக்கு வந்து, தன் பெண்பெயரைப் பதிவேட்டில் எழுதச் சொல்கிறாள். குமாஸ்தா மறுக்கிறான். நிஜத்திலும் கடைசிவரை யாரும் எழுதவில்லை. குமாஸ்தா நடிகருக்கு அன்று வயிற்றுப்போக்கு. "அசல் குமாஸ்தா முகம்" என்று ரூமாதி என்னைச் சிபாரிசு செய்தார். வசனம் கிடையாது, 'முடியாது' என்று தலையாட்டினால் போதும்.

படப்பிடிப்புக்குக் காளிகாட்டில் ஒரு பழைய வீடு. நான்கு மணிக்குக் காலி செய்தாக வேண்டும். கேமரா ஓடியது. ரூமாதி கண்ணீரோடு மன்றாடினார். அவர் தோளுக்குப் பின்னால், சுவரில், தினசரி காலண்டர். சிவப்பெழுத்தில் ஞாயிறு.

எழுந்துவிட்டேன். "மன்னிக்கணும், இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. ஆபீஸ் லீவு" என்றேன், என் ஓட்டை வங்காளத்தில்.

இயக்குநர் தலையில் கைவைத்தார். மணி 3.52 (பார்த்தேன்). ரூமாதி மட்டும் வேடத்தைவிட்டு இறங்கவில்லை. திரும்பினார். காலண்டர் தாளைக் கிழித்து என் மேசைமேல் அறைந்தார்.

"இப்ப திங்கக்கிழமை. எழுது."

பயத்தில் அந்தப் பெண்பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டேன். முத்து முத்தாக.

"தாதா, அவன் எழுதவே இல்லையே" என்று முனகினார் இயக்குநர். ஒரு கிழமையைத் திருத்தப்போய் சரித்திரத்தையே திருத்திவிட்டேன். மறுபடி எடுக்க நேரமில்லை. தாள் மேசையில் விழுவதோடு காட்சியை வெட்டினார்கள். தியேட்டரில் அந்த இடத்தில்தான் கைதட்டல். என் கையெழுத்துக்குக் கொடுத்துவைக்கவில்லை.

"அவளுக்கு ஒருத்தரும் எழுதாத பேரு. நீங்க எழுதிட்டீங்க. பயந்துதான், இருந்தாலும் எழுதிட்டீங்க" என்றார் ரூமாதி. அந்தப் பதிவேட்டுத் தாள் இப்போது அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் கதை வேறு. "இன்னைக்கு ஞாயிறு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று நான் சாய்ந்தால் போதும், வசந்தா காலண்டர் தாளைக் கிழித்து என் மடியில் போடுவாள்.

"இப்ப திங்கக்கிழமை. ஒட்டடை அடிங்க."

ஒட்டடை அடித்துவிட்டு, ஞாயிறை மறுபடி பசைபோட்டு ஒட்டுகிறேன்.