விசில் அண்ணனின் ஒரு நாள் லீவு

திண்டுக்கல்லில் விசில் அண்ணனுக்குப் பயப்படாத ஆள் ஒருவர் இருந்தால், அவர் இன்னும் டூரே போகாதவர் என்று அர்த்தம். போலீஸ்காரர், ஹெட்மாஸ்டர், வட்டிக்கு விடுகிறவர் என்று ஊரே அஞ்சும் ஆட்களெல்லாம், அந்த விசில் கேட்டதும் கையிலிருந்த வடையைப் போட்டுவிட்டு வேனுக்கு ஓடியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்தபடியே நானும் ஓடியிருக்கிறேன்.

நாகல் நகரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் அவர் வீடு. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். நாங்கள் யாரும் கேட்டதில்லை. வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று வேன் பிடித்து ஆட்களை அழைத்துப் போவது தொழில். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். முதல் விசிலுக்கு எல்லோரும் கூட வேண்டும், இரண்டாவதுக்கு ஏற வேண்டும், மூன்றாவதுக்கு வேன் நகர்ந்துவிடும். ஒருமுறை வேளாங்கண்ணியில் அவருடைய சொந்த மச்சினன் மெழுகுவர்த்திக்குப் பேரம் பேசிக்கொண்டே நின்றுவிட்டான். வேன் நாகப்பட்டினத்தைத் தாண்டிவிட்டது. தம்பியை விட்டுவிட்டு வந்த கோபத்தில் அவர் மனைவி மேரியக்கா திருச்சி வரைக்கும் வாய் திறக்கவில்லை. அண்ணன் அதைக் கவனிக்கவும் இல்லை. அவர் பாட்டுக்குத் தலை எண்ணிக்கொண்டிருந்தார்.

மேரியக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லா டூரிலும் அவர் உண்டு. கடைசி சீட்டில், கேஸ் அடுப்புக்கும் அண்டாவுக்கும் நடுவில். நாங்கள் இறங்கிக் கோயிலோ கடலோ பார்க்கப் போவோம். அவர் இறங்கி அடுப்பைப் பற்ற வைப்பார். சோறும் வெஞ்சனமும் தயாராகும்போது நாங்கள் பார்த்துவிட்டு வருவோம். கன்னியாகுமரிக்கு அத்தனை தடவை போனவர் ஒரு தடவைகூட சூரியன் உதிப்பதைப் பார்த்ததில்லை. ஏனென்றால் அது பொங்கல் கிண்டுகிற நேரம்.

"சூரியன் எந்திரிக்கறப்ப எல்லாரும் ஓன்னு கத்துவாக டீச்சர். அந்தச் சத்தம் கேட்டதும் நான் நெய்ய ஊத்துவேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அன்று பொங்கல் இறங்கவில்லை.

இப்படிப்பட்ட தம்பதியை நான் இங்கிலாந்தில் சந்திப்பேன் என்று யார் நினைத்தார்கள்? அவர்கள் மகள் ஆக்ஸ்போர்டில் நர்ஸ். என் மகனுக்கும் அதே ஊரில்தான் வேலை. கோடையில் பிள்ளைகளைப் பார்க்கப் போனபோது, பிள்ளைகள் இரண்டும் கூடிப் பேசி, எங்கள் மூன்று பேருக்கும் ஒரு நாள் பஸ் டூருக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள். காட்ஸ்வோல்ட்ஸ் என்று குன்றும் கிராமங்களுமான பகுதி. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவது.

டிக்கெட்டைப் பார்த்ததும் மேரியக்கா கணவரிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு நா, ஒரே ஒரு நா, நான் பாசஞ்சரா போகணும். நான் அடுப்பத் தொட மாட்டேன். நீங்க விசிலத் தொடக் கூடாது."

மகள் முன்னால் கேட்டுவிட்டதால் அண்ணனால் மறுக்க முடியவில்லை. சரியென்றார். மறுநாள் காலை அவர் கழுத்து காலியாகத்தான் இருந்தது. கோட்டுப் பை மட்டும் கொஞ்சம் புடைத்திருந்தது. நான் பார்த்தேன், மேரியக்காவும் பார்த்தார்.

பஸ்ஸில் மேரியக்காவுக்கு ஜன்னலோர சீட். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். கைடு ஒரு வயதான வெள்ளைக்காரர், உயரம், கையில் பச்சைக் குடை. அவருடைய மெல்லிய குரலைக் கேட்டு விசில் அண்ணன் நொந்துபோனார். இந்தக் குரலுக்கு நம்மூரில் ஆடுகூடத் திரும்பாதே என்று என் காதில் முணுமுணுத்தார். ஆனால் அதே கைடு, சொன்ன நேரத்துக்கு பஸ் கிளம்பிவிடும், வராதவர்கள் டவுன் பஸ் பிடித்து வந்துகொள்ளலாம் என்று அறிவித்ததும் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம ஆளுதான்" என்றார்.

முதல் கிராமத்தில் இறங்கினோம். வீடெல்லாம் பாகு வெல்லத்தின் நிறத்தில் கல் வீடுகள். கூரையில் வைக்கோலை இவ்வளவு ஒழுங்காக வேய முடியும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. வாசல்தோறும் ரோஜாக்கொடி ஏறியிருந்தது. பூவைப் பறிக்க யாரும் இல்லை. விசில் அண்ணன் மட்டும் கடமை தவறாமல் ஒரு குறை கண்டுபிடித்தார். இவ்வளவு பெரிய ஊரில் அண்டா இறக்கிச் சமைக்க ஒரு இடம் இல்லையாம். மேரியக்கா ஒரு பார்வை பார்த்தார். அண்ணன் ரோஜாவை ரசிக்க ஆரம்பித்தார்.

அடுத்த ஊரில் ஒரு பழைய கல் சர்ச். வாசலுக்கு வந்ததும் அண்ணன் வழக்கம்போல ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். மேரியக்காவும் கழற்றினார். ஊர்ப் பழக்கத்தில் நானும் கழற்றினேன். எங்களுக்குப் பின்னால் வந்த ஜப்பான்காரக் குடும்பம் இதுதான் இந்த ஊர் மரியாதை போலிருக்கிறது என்று நினைத்து அவர்களும் கழற்றினார்கள். அதற்குப் பின்னால் வந்தவர்களுக்கு வேறு வழியில்லை. கடைசியாக வந்த கைடு, வாசலில் ஒரு பஸ் ஆட்களின் ஷூவும் வரிசையாக இருப்பதைக் கண்டு திகைத்து நின்றார். பிறகு குடையைச் சாத்தி வைத்துவிட்டுத் தானும் குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்த்தார்.

உள்ளே கல் தரை ஐஸ் மாதிரி இருந்தது. ஜெபம் எல்லோருக்கும் சீக்கிரம் முடிந்தது. வெளியே வந்தால் இதற்குள் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. அத்தனை ஷூவிலும் தண்ணீர். கைடு தன் ஷூவைக் கவிழ்த்து வடிய விட்டதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்காது.

"நான் ஒண்ணும் சொல்லல மேரி. நான் பாட்டுக்குக் கழட்டுனேன்" என்றார் அண்ணன், விசாரணைக்கு வந்தவர் போல. மேரியக்கா சர்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கடைசி ஊர் ஓர் ஓடையின் கரையில் இருந்தது. முழங்கால் ஆழம்தான் இருக்கும். அடியில் கிடக்கிற கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. மேலே குட்டிக் குட்டியாகக் கல் பாலங்கள். வாத்துகள் யாரையும் சட்டை செய்யாமல் நீந்தின. மேரியக்கா கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவர்தான், அசையவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வெகு நேரம் கழித்து, "தண்ணி சும்மா போகுது டீச்சர். ஒருத்தரும் குடம் வைக்கல" என்றார்.

குழாயில் தண்ணீர் வருகிற நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிற ஊர்க்காரிகள் நாங்கள். என் கண்ணே கலங்கிவிட்டது.

அப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் பச்சைக் குடை உயர்ந்தது. கிளம்பும் நேரம். எங்கள் பஸ் ஆட்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். பெஞ்சுக்குப் பின்னால் விசில் அண்ணன் வந்து நின்றார். வாட்ச்சைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், மனைவியின் முதுகைப் பார்த்தார். அவர் கை கோட்டுப் பைக்குள் போயிற்று. போச்சு, இந்த ஊர் வாத்து மொத்தமும் பறக்கப் போகிறது என்று நான் காதைப் பொத்தத் தயாரானேன்.

கை வெளியே வந்தது, வெறும் கையாக. அண்ணன் விறுவிறுவென்று பாலத்தைக் கடந்து கைடிடம் போனார். "யூ கோ. வீ ஸ்டே. மை வொய்ஃப் லுக்கிங்" என்று அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கைடு ஏதோ சொல்லி டவுன் பஸ் நிற்கும் இடத்தைக் கை காட்டினார். இருவரும் ஒரே தொழில்காரர்கள் மாதிரி கை குலுக்கிக்கொண்டார்கள். அண்ணன் திரும்பி வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

மேரியக்கா தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"டயம் ஆயிருச்சாங்க?"

"இல்ல. நீ பாரு" என்றார் விசில் அண்ணன்.

அவருக்குப் பின்னால் எங்கள் பஸ் மெதுவாக வளைவில் திரும்பி மறைந்தது. அன்று டவுன் பஸ்ஸும் ரயிலும் மாறி, ஈரக் காலோடு வீடு வந்து சேர்ந்தோம். விட்டுவிட்டுப் போய்விட்டார்களே என்று என் மகன் அந்த டூர்க்காரர்களைத் திட்டினான். நான் திட்டவிட்டேன்.

போன மாதம் அண்ணனின் வேனில் கன்னியாகுமரி போனேன். விசில் அதே விசில்தான், மூன்றாவது சத்தத்துக்கு வேன் நகர்கிறது, நாங்கள் ஓடுகிறோம். ஆனால் விடியற்காலை அடுப்பை யாரும் பற்ற வைக்கவில்லை. காலைப் பொங்கல் ஏன் இவ்வளவு லேட் என்று வத்தலக்குண்டுக்காரர் ஒருவர் சத்தம் போட்டார். அண்ணன் உதட்டில் விரலை வைத்து அவரை அடக்கிவிட்டு, கடலோரத் தடுப்புக் கம்பியருகே முதல் ஆளாக நின்றிருந்த மேரியக்காவின் பக்கம் முகத்தைத் திருப்பிக் காட்டினார்.

சூரியன் எழுந்தது. எல்லோரும் ஓவென்று கத்தினோம். மேரியக்காவும் கத்தினார்.