சகலை வீட்டு வெந்தயக்கீரை

இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்

அன்பும் பாசமும் நிறைந்த மாப்பிள்ளை இனிகோவுக்கு உன் பெரிய அத்தான் ஞானராஜ் ஆசீரோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் பெரியக்கா டெய்சி, போன மாதம் வாங்கிய தண்ணீர் மோட்டார், மூவரும் நலம். ஓசூரில் நீயும் மனைவி பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும் என்று ஜெபமாலையில் உங்களுக்கென்றே ஒரு பத்து மணி தனியாகச் சொல்லி வருகிறேன். நலமில்லாதது ஒன்றே ஒன்றுதான், அது என் வயிறு. சதா எரிகிறது. டாக்டரிடம் காட்டித் தீருகிற எரிச்சல் இல்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தாலே மதிலுக்கு அந்தப் பக்கம் உன் சின்னத்தான் கிளெமென்ட் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், அக்காவும் தங்கையும் ஒருத்தி போனை ஒருத்தி எடுத்துப் படிக்கிறார்கள். ஆகவே கூரியரில் அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் குடும்பக் குரூப்பில் நீ ஒன்று எழுதினாய். "டாக்டர் சுகருக்கு வெந்தயக்கீரை சாப்பிடச் சொல்லிட்டாரு. சின்னத்தான் தோட்டத்துக் கீரைய போட்டோல பாத்தேன், சூப்பர். இந்தத் தடவ திருவிழாச் சாப்பாடு சின்னக்கா வீட்லதான்." அதற்குக் கீழே கிளெமென்ட் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டார். பணிவாம்! நீ உன் பாட்டுக்கு எழுதிவிட்டாய், எனக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை. உனக்கு மீசை முளைத்த நாளிலிருந்து பங்குத் திருவிழாவுக்கு நீ சாப்பிட்டது என் வீட்டில்தான். எங்கள் மகள் கல்யாணமாகிப் போன பிறகு அந்தச் சாப்பாட்டு மேஜைக்கு வருஷத்தில் ஒருநாள் வருகிற விருந்தாளி நீ ஒருத்தன். அந்த ஒருத்தனையும் ஒரு கீரை மதில் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனால் நான் என்ன செய்ய?

கிளெமென்ட் நல்ல மனுஷன் என்று ஊரே சொல்கிறது. எனக்கு அவரிடம் பிடிக்காததே அதுதான். நான் பூசையில் வாசகம் வாசித்தால் "நல்லாருந்துச்சு" என்பார்கள், அவர் பாட்டுக்குழுவில் பின்வரிசையில் நின்று வாயசைத்தால் "என்னா குரலு" என்பார்கள். இப்போது கீரை வேறு. உன் அக்கா தினமும் அங்கிருந்து ஒரு கைப்பிடி பறித்துக்கொண்டு வருவாள். ஒருநாள் வெஞ்சனம் என்ன என்று கேட்டேன். வெந்தயக்கீரைக் கூட்டு என்றாள். இரண்டு தடவை வாங்கிப் போட்டுச் சாப்பிட்டேன். "நல்லாருக்கா?" என்றாள். "உப்பு கம்மி" என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் சகலை வீட்டுக் கீரையை என் வீட்டுத் தட்டில் வைத்து நானே பாராட்டுவதா?

சரி, நாமும் வளர்த்துவிடுவோம் என்று இறங்கினேன். என் குரோட்டன்ஸ் தொட்டிகளை உனக்குத் தெரியும், வரிசையாக நிற்கும், நான் தவிர ஒருவரும் தொடக்கூடாது. உன் அக்காவே முன்னொரு தடவை ஓரத்தில் கொஞ்சம் இடம் கேட்டு நான் கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவன் கீரைக்காகத் தெற்குப் பக்கம் நாலு தொட்டியை நகர்த்தினேன் என்றால் என் எரிச்சலின் அளவைப் பார்த்துக்கொள். எங்கள் சொந்த ஊர் அகரத்தில் நாற்று விட்டுப் பறித்து நடுவதுதான் வெள்ளாமை. வரப்பில் குடை பிடித்து நின்று எத்தனை நடவு பார்த்திருக்கிறேன்! ஆகவே பழைய ஃப்ரிட்ஜின் காய்கறி டிரேயில் மண் நிரப்பி வெந்தயத்தை விதைத்து நாற்றங்கால் போட்டேன். உன் அக்கா பார்த்துவிட்டு, "வெந்தயத்துக்கு நாத்து எதுக்குங்க? தரையிலயே தூவி லேசாக் கிளறி விட்டாப் போதும். பிடுங்கி நட்டா வேர் தாங்காது" என்றாள். "நீ எந்த ஊர்ல வெள்ளாமை பாத்த?" என்று கேட்டேன். கொல்லைக் கதவு வழியாகத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். கோபம் வந்தால் அங்கேதான் போவாள். திரும்பி வரும்போது புடவை ஓரமெல்லாம் மண்ணாக இருக்கும். உன் சின்னக்கா பாத்திமா வீட்டைக் கூட்டுவதே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

நாற்று முளைத்தது. இரட்டை இலை விட்டு ஜோராக நின்றது. அந்தச் சமயம் பார்த்துத் தெருவில் காவேரித் தண்ணீர் விட்டார்கள். இங்கே தண்ணீர் வருவது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும், தெருவே குடமும் டிரம்முமாக நிற்க, நான் புது மோட்டாரைப் போட்டுத் தெற்குப் பாத்தியில் பாய்ச்சினேன், வேட்டியை மடித்துக் கட்டி இறங்கிச் சேறாக மிதித்தேன், கயிறு பிடித்து வரிசை பார்த்து, மும்மூன்று நாற்றாகக் கிள்ளி, கணுக்கால் சேற்றில் குனிந்து பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து நட்டேன். முதுகு நிமிர்ந்தபோது மதிலுக்கு மேலே கிளெமென்ட் தலை தெரிந்தது.

"அண்ணே, வெந்தயத்துக்கா நடவு போடுறீக?"

"ஏன், போடக்கூடாதா?"

"இல்லண்ணே, இம்புட்டுத் தண்ணி..." என்று இழுத்தார். அவருக்குப் பக்கத்தில் பாத்திமா தலையும் முளைத்தது. "அத்தான், நா வந்து கொலவை போடவா?" என்றாள். உன் தங்கைமாரிலேயே அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று எழுத நினைத்தேன், அவள் உனக்கு அக்கா என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. எரிச்சலில் உறவுமுறைகூடக் குழம்புகிறது.

மறுநாள் காலையில் பார்த்தால் அத்தனை நாற்றும் சேற்றில் முகம் குப்புறப் படுத்திருந்தன. மூன்றாம் நாள் எழும் என்று விசுவாசத்தோடு காத்திருந்தேன். எழவில்லை. அந்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலில் உபதேசியார், "என்ன ஞானராஜ், நடவு முடிஞ்சிச்சா? அறுப்பு எப்ப?" என்கிறார். யார் சொல்லியிருப்பார்கள்? எனக்குத் தெரியும். கிளெமென்ட் அந்தப் பக்கமாகத் திரும்பிச் செருப்பு தேடிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் செய்ததை நீ தப்பாக நினைக்கக்கூடாது. போன ஞாயிறு, முதல் பூசைக்குத் தனியாகப் போய்விட்டு, திரும்பும் வழியில் மார்க்கெட்டில் வேரோடு பிடுங்கிய வெந்தயக்கீரைக் கட்டுகள் வாங்கினேன். உன் அக்கா கிளெமென்ட் வீட்டாரோடு இரண்டாம் பூசைக்குப் போயிருந்தாள். வீட்டில் யாருமில்லை. கட்டுகளை ஒவ்வொன்றாக ஊன்றித் தண்ணீர் தெளித்து, உடனே போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டேன். நீகூட ஒரு இதயம் போட்டாய். உன்னிடமிருந்து எனக்கு வந்த முதல் இதயம் அது. அரை மணி நேரம் நான் தரையில் நடக்கவில்லை. அதற்குள் பூசை முடிந்து கிளெமென்ட் நேராக என் பாத்திக்கு வந்தார். "அண்ணே, அதிசயமா இருக்கே! போன வாரம் சேறால்ல கெடந்துச்சு?" என்று மனசாரச் சொல்லிக்கொண்டே ஆசையாக ஒரு செடியைத் தொட்டார். செடி வந்தது. கூடவே பக்கத்துச் செடியும் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. மொத்தக் கட்டும் இடுப்பில் வாழைநாரோடு அவர் கையில் நின்றது. அவசரத்தில் நாரை அவிழ்க்க மறந்திருக்கிறேன், மாப்பிள்ளை.

கிளெமென்ட் நாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கட்டோடயே மொளச்சிருக்குண்ணே" என்று மெதுவாகச் சொல்லி, அந்தக் கட்டைத் திரும்பக் குழியில் வைத்து, மண்ணை அணைத்து, செத்த நேரம் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

ஆகையால் நான் கேட்பது இதுதான். வருகிற ஞாயிறு திருவிழாவுக்கு நீ என் வீட்டில்தான் சாப்பிட வேண்டும். கிளெமென்ட் வீட்டு ஃபேன் சுற்றுவதில்லை. மேஜை ஆடுகிறது. பாத்திமா கீரையில் தேங்காயை அள்ளிப் போடுவாள், உன் சுகருக்கு ஆகாது. எனக்குக் கீரை வளர்க்கத் தெரியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறத் தெரியும். உன் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல். எனக்குப் பதிலாகப் பிள்ளைகள் நெற்றியில் நீயே ஒரு சிலுவை வரைந்துவிடு.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்துத் தெருமுனையில் நிற்கப்போகும் பெரிய அத்தான்,
ஞானராஜ்

பின்குறிப்பு: என் கையெழுத்து கூரியர்காரனுக்குப் புரியாதே என்று விலாசம் எழுத உன் அக்காவிடம் கொடுத்தேன். அவள் விலாசம் எழுதுவதற்கு முன் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டாள். படித்து முடித்து ஒன்றுதான் கேட்டாள். "அப்ப உப்பு சரியாத்தான் இருந்துச்சா?" ஆமாம் என்றேன். "கிளெமென்ட் தம்பி தோட்டம்னு எழுதிருக்கீகளே, அவருக்கு வெந்தயத்துக்கும் கடுகுக்கும் வித்தியாசம் தெரியுமா? வெதச்சது நானு. தெனம் தண்ணி ஊத்துனது நானு. ஒங்ககிட்ட ஒரு ஓரம் கேட்டேன், குடுத்தீகளா? தங்கச்சி குடுத்தா. 'மதினி, அண்ணங்கிட்ட சொல்லிரவா'ன்னு அந்த மனுசன் எம்புட்டோ தடவ கேட்டாரு. நாந்தேன் வேணாம்னேன், ஒங்க மனசு சங்கடப்படும்னு." நீ பாராட்டியபோது அவர் கைகூப்பியது உனக்கில்லை, உன் அக்காவுக்கு. இத்தனை நாளும் நான் என் பெண்டாட்டியைப் பார்த்துத்தான் வயிறெரிந்திருக்கிறேன்.

ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. ஞாயிறு கிளெமென்ட் வீட்டிலேயே சாப்பிடு, நாங்களும் வருகிறோம், அவர் வீட்டு ஃபேன் நன்றாகத்தான் சுற்றுகிறது. நேற்று என் குரோட்டன்ஸ் தொட்டிகளை எல்லாம் நானே தூக்கிக்கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிட்டேன். காலியான இடம் முழுக்க உன் அக்கா வெந்தயம் தூவியிருக்கிறாள், நான் கிட்டேயே போகவில்லை. ஆனால் ஒன்று, மாப்பிள்ளை. இன்று காலையில் மதில் வழியாகச் சும்மா எட்டிப் பார்த்தேன். என்னிடம் வருஷக்கணக்காக மொட்டையாக நின்ற அந்தச் சிவப்பு குரோட்டன்ஸ், அவர் வீட்டுக்குப் போன ஒரே ராத்திரியில் துளிர் விட்டிருக்கிறது.